கேப்சர் கார்டு டிரைவர்: யாரும் எதுவும் கேட்காதபோது என்ன கொடுப்பது?

#1 · நூல்கண்டு

எச்டிஎம்ஐ சிக்னலைப் பிடிக்கும் சின்ன போர்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிசீவர் சிப் சிக்னலை வாங்கி, இரண்டு லேன் (தரவுப் பாதை) கொண்ட சிஎஸ்ஐ என்ற கேமரா இணைப்பு வழியாகப் பிராசஸருக்குத் தள்ளும். படம் வருகிறது. தலைவலி வேறு இடத்தில்.

டிரைவர் லோடு ஆனதும் ஏதோ ஓர் அளவு, ஒரு பிக்சல் ஃபார்மேட், ஒரு வேகம் இருந்தாக வேண்டும் அல்லவா? 1920×1080, நொடிக்கு 60 ஃபிரேம், யூஒய்விஒய் என்று வைத்தேன். இன்றைக்கு யார் அதற்குக் கீழே பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான். பிரகாசம், கான்ட்ராஸ்ட் எல்லாம் நடுவில். யார் டிவைஸைத் திறந்தாலும் ஓப்பன் ஃபங்ஷனில் எல்லாவற்றையும் இதே நிலைக்குத் திருப்பிவிடுகிறேன். முன்னால் திறந்தவர் விட்டுப்போன குப்பை அடுத்தவருக்கு எதற்கு?

சோதித்துப் பார்த்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கறுப்புத் திரை. இன்னொருவருக்குப் படம் கிழிந்து கிழிந்து வருகிறது. மூன்றாமவர், "ஒரு கட்டளையில் அளவை மாற்றினால் மாறிவிட்டது என்கிறது, அடுத்த கட்டளையில் பழையபடி நிற்கிறது" என்கிறார். டிஃபால்ட் தேர்ந்தெடுக்க விதி ஏதாவது உண்டா, இல்லை அவரவர் ருசியா?

#2 · ஆந்தைக்கண்

மூன்றாமவர் பிரச்சினை எளிது, முதலில் அதை முடித்துவிடுவோம். ஓப்பனில் எதையும் மீட்டமைக்காதீர்கள். வி4எல்2-வில், அதாவது லினக்ஸின் வீடியோ டிரைவர் கட்டமைப்பில், ஃபார்மேட் டிவைஸுக்குச் சொந்தம், திறந்தவருக்குச் சொந்தமில்லை. ஒரு கருவியால் அளவை அமைத்து மூடிவிட்டு, அடுத்து வெறும் 'கேட்' கட்டளையால் டிவைஸிலிருந்து கோப்புக்குப் படத்தை இறக்குவது எத்தனையோ பேரின் பழக்கம். உங்கள் டிரைவரில் இரண்டாவது கட்டளை திறக்கும் அந்தக் கணமே முதல் கட்டளை செய்தது போய்விடுகிறது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கிறார். இன்னொருவர் பிரகாசத்தை மாற்றும் பேனலை மட்டும் திறக்கிறார். உங்கள் ஓப்பன் ஃபங்ஷன் அப்போது என்ன செய்யும்?

டிஃபால்ட் ஒரே ஒரு முறை, டிரைவர் லோடு ஆகும்போது. அதற்குப் பிறகு பயன்படுத்துபவர் கடைசியாகச் சொன்னதுதான் நிலை. மெமரியிலிருந்து எடுத்து மெமரிக்கே எழுதும் கன்வெர்ட்டர், கோடெக் வகை டிவைஸ்கள் மட்டும் விலக்கு. அங்கே திறக்கும் ஒவ்வொருவருக்கும் தனி நிலை, அதனால் திறக்கும்போது டிஃபால்ட் வைப்பது சரி. உங்களுடையது அந்த வகை இல்லை.

#3 · வெட்டுக்கிளி

ஓப்பன் விஷயம் சரி. ஆனால் 1080 வைத்ததில் என்ன தப்பு என்று தெரியவில்லை. பெட்டியில் 1080 என்று படித்துத்தான் வாங்குகிறார்கள். செருகியதும் 640×480 வந்தால், "இது என்ன பொம்மையா?" என்றுதான் கேட்பார்கள். வன்பொருள் கொடுக்கக்கூடிய அதிகபட்சத்தைக் கொடுக்க வேண்டும். வேண்டாதவர் குறைத்துக்கொள்ளட்டும்.

#4 · கரிச்சான்

அதிகபட்சம் என்று சொல்வது சுலபம், அது போய்ச்சேர வழி வேண்டாமா? நான் யூஎஸ்பி கேமராக்களோடு மல்லுக்கட்டியவன், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒய்யுஒய்வி ஃபார்மேட்டில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640×480, நொடிக்கு 30 என்றால் சுமார் 18.4 மெகாபைட். யூஎஸ்பி 2.0-வில் ஐசோக்ரனஸ் முறையில் (நேரம் ஒதுக்கித் தொடர்ச்சியாக அனுப்புவது) டிவைஸின் ஒரு எண்ட்பாயிண்ட், அதாவது ஒரு தரவு வாசல், அனுப்பக்கூடியது மைக்ரோஃபிரேம் என்ற ஒரு நேரத் துண்டுக்கு அதிகபட்சம் 3 முறை 1024 பைட், நொடிக்கு 8000 மைக்ரோஃபிரேம். பெருக்கினால் 24.6 மெகாபைட். 640×480 உள்ளே அடங்குகிறது. 1280×720 அதே வேகத்தில் 55.3 மெகாபைட், அடங்காது. நொடிக்கு 10 ஃபிரேமாகக் குறைத்தால் மறுபடி அதே 18.4. பல வெப்கேம்கள் சுருக்காத 720-ஐ நொடிக்கு 10 என்று பட்டியலில் காட்டுவது ஏன் என்று இப்போது புரியும்.

இரண்டு கேமராவை ஒரே பஸ்ஸில் மாட்டினால் இன்னும் வேடிக்கை. மைக்ரோஃபிரேமில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த வகை டிராஃபிக்குக்குத் தரமாட்டார்கள். இரண்டும் முழு 3072 பைட் கேட்டால் இரண்டாவதுக்கு இடமில்லை. ஸ்ட்ரீம் தொடங்கும்போது "டிவைஸில் இடமில்லை" என்று பிழை வரும். முதல் முறை பார்த்தபோது டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து நான் கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். பெருமைக்கு வைத்த டிஃபால்ட் இப்படித்தான் வேறு எங்கோ போய்க் கடிக்கும்.

#5 · ஆந்தைக்கண்

கரிச்சான் போட்ட அதே கணக்கை உங்கள் போர்டுக்குப் போட்டேன். யூஒய்விஒய் பிக்சலுக்கு 16 பிட். 1920×1080, நொடிக்கு 60: சுமார் 1991 மெகாபிட். உங்கள் லேன் என்ன வேகத்தில் ஓடுகிறது? இந்த மாதிரி சிப்களில் லேனுக்கு 972 மெகாபிட் என்பது பரவலான அமைப்பு. இரண்டு லேனுக்கு 1944. 1991 எப்படி உள்ளே போகும்? நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் 1659, தாராளமாகப் போகும். கிழியும் படத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. இடிஐடி, அதாவது வாங்கும் பக்கம் எந்தெந்த அளவுகளை ஏற்கும் என்று அனுப்புபவருக்குச் சொல்லும் பட்டியல், அதை யார் கொடுக்கிறார்கள்? டிரைவரா, வெளியே இருந்தா?

#6 · நூல்கண்டு

972-தான். உங்கள் கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் வியர்த்துவிட்டது.

இடிஐடியை என் மானிட்டரிலிருந்து நகலெடுத்து, பூட் ஸ்கிரிப்டில் ஏற்றுகிறேன். இரண்டாவது நண்பருக்கும் அந்த ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். முதலாமவருக்குக் கொடுக்க மறந்திருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. என் மேசையில் எல்லாம் சரியாக ஓடியதற்குக் காரணம், நான் சோதித்த கேமரா நொடிக்கு 30 ஃபிரேம்தான் அனுப்பும்.

#7 · ஆந்தைக்கண்

அப்படியானால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

எச்டிஎம்ஐயில் என்ன வரும் என்று முடிவு செய்வது உங்கள் டிரைவர் இல்லை. அனுப்பும் பக்கம் இடிஐடியைப் படித்து, இவரால் என்ன வாங்க முடியும் என்று பார்த்துத் தானே முடிவெடுக்கும். இடிஐடி இல்லாவிட்டால், கேபிள் செருகப்பட்டதைச் சொல்லும் ஹாட்பிளக் கோட்டைத் தாழ்வாகவே வைத்திருக்க வேண்டும், அனுப்புபவர் யாரும் செருகவில்லை என்று சும்மா இருப்பார். அதுதான் கறுப்புத் திரை. இரண்டாமவருக்கு உங்கள் மானிட்டரின் வாக்குறுதியைக் கொடுத்தீர்கள், அது 1080-ல் 60 வாங்கும். உங்கள் லேன் வாங்காது.

உங்கள் டிரைவரில் மிக முக்கியமான டிஃபால்ட் அளவோ ஃபார்மேட்டோ இல்லை, இந்த 256 பைட் இடிஐடிதான். முதல் விருப்பமாக 1080-ல் 50 அல்லது 30, இல்லாவிட்டால் 720-ல் 60 வையுங்கள். 1080-ல் 60-ஐப் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். தாங்க முடியாததை விளம்பரம் செய்யக் கூடாது.

இதை டிரைவருக்குள் வைக்கலாமா, வெளியே விடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டிசி358743 போன்ற ரிசீவர் டிரைவர்கள் இடிஐடி இல்லாமலே எழுந்து, வெளியே இருந்து ஏற்றும்வரை காத்திருக்கும். போர்டுக்குப் போர்டு லேன் எண்ணிக்கை மாறும், சிப்புக்கு அது தெரியாது என்பது அவர்கள் பக்க நியாயம். ஆனால் உங்களுடையது ஒரே போர்டு, லேன் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நானாக இருந்தால் உள்ளேயே வைப்பேன், வெளியே இருந்து மாற்றவும் விடுவேன்.

#8 · செவ்வந்தி

நான் டிரைவர் எழுதுபவள் இல்லை, அதன்மேல் செயலி எழுதுபவள். அங்கிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு வைக்கும் டிஃபால்ட்டைப் பாதிப்பேர் பார்ப்பதே இல்லை. படங்களை அலசும் ஓப்பன்சிவி நூலகத்தில் டிவைஸைத் திறந்தால் அது தானாக 640×480 கேட்கும். ஆனால் வீடியோ பதியும், மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் அளவைக் குறிப்பிடாவிட்டால், டிவைஸ் இப்போது எந்த அளவில் இருக்கிறதோ அதையே கேட்டு எடுத்துக்கொள்ளும். ஆக டிஃபால்ட் யாருக்கு என்றால், எதுவும் சொல்லாமல் ஓட்டுபவருக்கு. ஒரு வரிக் கட்டளை, சின்ன ஸ்கிரிப்ட், "படம் வருகிறதா பார்ப்போம்" என்று முதல் தடவை செருகிப் பார்ப்பவர். அவருக்கு அழகு வேண்டாம் வெட்டுக்கிளி, படம் வந்தால் போதும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நான் கேட்ட அளவு உங்களால் முடியாவிட்டால் பிழை திருப்பாதீர்கள், முடிகிற அளவைத் திருப்பிக் கொடுங்கள். திரும்பி வந்ததைப் படிக்காமல் கேட்டதே கிடைத்தது என்று நம்பி ஓடும் செயலிகள் ஏராளம், ஒத்துக்கொள்கிறேன். அது எங்கள் பக்கத்துப் பாவம்.

#9 · வெட்டுக்கிளி

சரி, 60 விஷயத்தில் தோற்றேன். ஆனால் அப்படியானால் டிஃபால்ட் என்ற ஒன்றே எதற்கு? சிக்னல் என்ன வருகிறது என்று சிப்புக்குத்தான் தெரியுமே. 720 வந்தால் 720, 1080 வந்தால் 1080 என்று தானாகவே மாறிக்கொள்ளட்டும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், சண்டையும் இல்லை.

#10 · ஆந்தைக்கண்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. எனக்கும் தோன்றியது, எழுதியும் பார்த்தேன்.

செயலி 640×480-க்கு பஃபர் (ஃபிரேமை வாங்கிவைக்கும் மெமரி இடம்) ஒதுக்கியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு பஃபர் 6,14,400 பைட். நடுவில் யாரோ கேபிளைப் பிடுங்கி வேறு லேப்டாப்பில் மாட்டுகிறார், 1080 வருகிறது. ஒரு ஃபிரேம் 41,47,200 பைட். டிரைவர் தானாக மாறிக்கொண்டால் டிஎம்ஏ, அதாவது பிராசஸர் தலையிடாமல் மெமரியில் நேராக எழுதும் வன்பொருள், அந்தச் சின்னப் பஃபரில் எழுத ஆரம்பித்து, அதைத் தாண்டிப் பக்கத்து மெமரியில் போய் நிற்கும். அங்கே யாருடைய தரவு இருந்ததோ.

அதனால்தான் வி4எல்2 விதி தெளிவாக இருக்கிறது. சிக்னல் மாறினால் டிரைவர் தானாக டைமிங்கை (சிக்னலின் அளவும் வேகமும்) மாற்றக் கூடாது. மூல மாற்றம் என்று ஓர் ஈவென்ட் அனுப்ப வேண்டும். செயலி ஸ்ட்ரீமை நிறுத்தி, புதிய டைமிங் என்ன என்று கேட்டு, அதை அமைத்து, பஃபரைப் புதிதாக ஒதுக்கித் தொடங்கும். கேட்கும்போது சிக்னலே இல்லாவிட்டால் 'இணைப்பு இல்லை', சிக்னல் இருந்தும் வன்பொருள் வரம்புக்கு வெளியே இருந்தால் 'வரம்பு மீறல்' என்று தனித்தனிப் பிழைகள் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பாதீர்கள், பிழை தேடுபவர் உங்களைத் திட்டுவார்.

அப்படியானால் லோடு ஆகும்போது என்ன டைமிங்? நான் சொன்ன அந்த டிசி358743 டிரைவர் 640×480, 59.94-ல் எழுகிறது. கஞ்சத்தனம் இல்லை, வெட்டுக்கிளி. எச்டிஎம்ஐ திரை என்று பெயர் வைத்துக்கொண்ட எதுவும் ஏற்றாக வேண்டிய அளவு அது. எந்த லேனிலும் போகும், பஃபரும் சிறிது. சிக்னல் வரும்வரை உட்கார்ந்திருக்க ஒரு நாற்காலி, அவ்வளவுதான். படம் எந்த அளவில் வரும் என்பதை இடிஐடியும் அனுப்புபவரும் பேசி முடிப்பார்கள்.

#11 · பழையதிரை

அனலாக் கார்டு காலத்தில் இதே சண்டை வேறு பெயரில் நடந்தது. பால் 625 வரி, என்டிஎஸ்சி 525 வரி. டிரைவரில் தப்பான ஸ்டாண்டர்டு டிஃபால்ட்டாக இருந்தால் படம் உருளும், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையாக வரும். கேபிளைக் குறை சொல்லி மாற்றுவோம், டிவியைத் தட்டுவோம். அளவும் அதையே பிடித்துத் தொங்கும், 720×576-ஆ 720×480-ஆ என்று. ஸ்டாண்டர்டை மாற்றினால் ஃபார்மேட்டும் மாறியாக வேண்டும் என்பதை மறந்த டிரைவர்கள் சில இருந்தன. கீழே 96 வரி பச்சையாக நிற்கும். உங்கள் டிரைவரில் டைமிங்கை அமைத்தால் ஃபார்மேட்டும் கூடவே மாறுகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

#12 · கரிச்சான்

அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், பிரகாசம் போன்ற கன்ட்ரோல்களை விட்டுவிட்டோம். நூல்கண்டுக்கு எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்) கிடையாது, ஆனால் நாளைக்கு இந்த இழையைப் படித்துக் கேமரா டிரைவர் எழுதப்போகிறவருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது மின் அதிர்வெண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், 60-ல் 120 முறை. எக்ஸ்போஷர் அந்தத் துடிப்பின் முழு மடங்காக இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். வன்பொருளில் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையே டிஃபால்ட்டாக வையுங்கள். இல்லாவிட்டால் 50-ஆ 60-ஆ என்று நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உலகில் ஒரு பகுதிக்குத் தப்பு. அதை ஏற்றுக்கொண்டு கன்ட்ரோலை மறைக்காமல் வெளியே காட்டுங்கள்.

இரண்டாவது, இருட்டில் ஃபிரேம் வேகத்தைக் குறைத்து எக்ஸ்போஷரை நீட்டும் கன்ட்ரோல். 30 கேட்டவருக்கு மாலையில் 15 வரும், "டிரைவர் மெதுவாகிவிட்டது" என்று புகார் வரும். இதில் என் கட்சி தெளிவு: டிஃபால்ட்டில் அணைத்து வையுங்கள். கேட்ட வேகம் கிடைக்க வேண்டும், படம் கொஞ்சம் இருண்டால் கண்ணுக்குத் தெரியும். வேகம் குறைந்தது யாருக்கும் கண்ணில் படாது, ஒலியும் படமும் விலகும்போதுதான் தெரியவரும்.

#13 · செவ்வந்தி

இதற்கு நான் உடன்படவில்லை. வீடியோ அழைப்பில் இருப்பவருக்கு முகம் தெரிவதுதான் முக்கியம், 15 ஃபிரேம் போதும். நீங்கள் அளவெடுக்கிற, பதிவு செய்கிற ஆளாக யோசிக்கிறீர்கள்.

#14 · கரிச்சான்

இருக்கலாம். ஆனால் அழைப்புச் செயலி எழுதும் உங்களுக்கு அந்தக் கன்ட்ரோலை ஆன் செய்யத் தெரியும். ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்களே #8-ல் சொன்னதுதான்.

#15 · செவ்வந்தி

என் கையாலேயே என் கண்ணைக் குத்துகிறீர்கள். சரி.

#16 · நூல்கண்டு

இரண்டு நாள் வேலை. இதுவரை ஆனது: ஓப்பனில் இருந்த மீட்டமைப்பு போய்விட்டது. லோடு ஆகும்போது 640×480. இடிஐடி உள்ளேயே, முதல் விருப்பம் 720-ல் 60, அதிகபட்சம் 1080-ல் 50. வரம்பைத் தாண்டிய டைமிங்கை அமைக்க வந்தால் பிழை. பழையதிரை ஐயா சொன்னதைப் பார்த்தேன், பச்சைப் பட்டை என்னிடமும் இருந்தது, ஃபார்மேட் தனியாக நின்றது. இப்போது டைமிங்கோடு சேர்ந்து மாறுகிறது. படத்தின் அளவை மாற்றும் ஸ்கேலர் கிடையாது என்பதால் யார் எந்த அளவைக் கேட்டாலும் டைமிங்கின் அளவையே திருப்புகிறேன். மூன்று பேருக்கும் படம் வருகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். முதலாமவருக்குக் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தாற்போல வருகிறதாம். கம்ப்யூட்டர்கள் ஆர்ஜிபியை முழு வரம்பில் அனுப்பும் என்று நினைத்து அப்படியே டிஃபால்ட் வைத்திருந்தேன்.

#17 · ஆந்தைக்கண்

நினைத்தது அங்கேதான் இடறியது. 1080, 720 போன்ற டிவி வகை அளவுகளில், அனுப்புபவர் வேறு ஏதும் சொல்லாவிட்டால் ஆர்ஜிபி 16 முதல் 235 வரைதான். கம்ப்யூட்டர் வகை அளவுகளில் 0 முதல் 255. 640×480 இரண்டாவது சேர்த்தி. உங்களுக்கு 16-ல் வந்த கறுப்பை நீங்கள் 0-வாகக் கொள்ளாததால் சாம்பல். ஆர்ஜிபி வரம்புக்கு என்றே வி4எல்2-வில் ஒரு கன்ட்ரோல் இருக்கிறது: தானாக, குறுகியது, முழுமை. டிஃபால்ட் 'தானாக'. படத்தோடு கூட வரும் விவரப் பொட்டலமான இன்ஃபோஃபிரேமைப் படியுங்கள், அதில் சொல்லாவிட்டால் டைமிங்கைப் பார்த்து முடிவெடுங்கள். அதிலும் பொய் சொல்லும் லேப்டாப்கள் உண்டு, அதற்குத்தான் மற்ற இரண்டு நிலைகள்.

அப்புறம், கன்ட்ரோல்களைச் சேர்த்து முடித்ததும், அவற்றை நிர்வகிக்கும் ஹேண்ட்லரின் செட்டப் ஃபங்ஷனை அழைக்கிறீர்களா? அதை அழைத்தால்தான் நீங்கள் அறிவித்த டிஃபால்ட் மதிப்புகள் சிப்பின் ரெஜிஸ்டருக்குப் போகும். இல்லாவிட்டால் பட்டியலில் ஒரு எண், வன்பொருளில் வேறு எண். டிரைவர் விதிப்படி நடக்கிறதா என்று சோதிக்கும் வி4எல்2-கம்ப்ளையன்ஸ் கருவியையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

#18 · நூல்கண்டு

அழைக்கவில்லை. சேர்த்தேன். கூடவே ஹேண்ட்லரின் பிழையையும் பார்க்கும் வரியைச் சேர்த்தேன், டிரைவர் லோடே ஆகவில்லை! தேடிப் பார்த்தால், பிரகாசத்தின் வரம்பு -128 முதல் 127 வரை, நான் "நடுவில்" என்று வைத்த டிஃபால்ட் 128. கன்ட்ரோல் உருவாகவே இல்லை. ஒன்று தவறினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் ஹேண்ட்லர் தள்ளிவிடுமாம், ஆகக் கான்ட்ராஸ்ட்டும் இல்லை. இத்தனை நாளாக இந்த டிரைவரில் ஒரு கன்ட்ரோல்கூட இருந்ததில்லை, நான்தான் இருப்பதாக நினைத்து #1-ல் எழுதியிருக்கிறேன்.

0 என்று மாற்றினேன். சாம்பலும் போய்விட்டதாம். கம்ப்ளையன்ஸ் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

#19 · வெட்டுக்கிளி

மூன்று பேர் சோதித்தும் பிரகாசத்தை மாற்ற முடியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையா?

#20 · நூல்கண்டு

கேட்டேன். மூவரும் அந்தப் பக்கம் போகவே இல்லையாம்.